தானே பூட்டிக்கொள்ளும் கதவு: நைட் லாட்ச் புழக்கத்தில் எப்படி?

நைட் லாட்ச் என்பது கதவின் உட்பக்கத்தில் திருகிப் பொருத்தும் ஓர் உலோகப் பெட்டி. பெட்டியின் ஓரத்திலிருந்து, ஒரு பக்கம் சரிவாகச் சீவிய பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கதவின் வெளிப்பக்கத்தில் சாவித்துளை கொண்ட வட்ட முகம் மட்டுமே தெரியும். பிடித்துத் திருப்ப அங்கே எதுவும் கிடையாது. உள்ளே இருப்பவர் குமிழைத் திருப்பினால் நாக்கு பெட்டிக்குள் போகும். வெளியே இருப்பவருக்கு அதே வேலையைச் சாவி செய்து கொடுக்கும். கதவைச் சாத்தினால் போதும், வேறு எதையும் தொடாமலே பூட்டிக்கொள்ளும். அடுக்குமாடி வீடுகளின் தலைவாசலில் தொங்கு பூட்டும் கொண்டியும் இருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டதற்கு இந்த ஒரு குணமே காரணம். வீட்டார் இதன் மேல் படும் கோபத்துக்கும் இதுவே காரணம்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பவை எல்லா நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: பித்தளை உருளை, துருப்பிடிக்காத திருகாணிகள், இத்தனை லட்சம் சாவிச் சேர்க்கைகள், இத்தனை ஆண்டு உத்தரவாதம். வாங்குபவரின் கண்ணும் சாவியிலேயே நிற்கிறது. நடுத்தர விலையில் வாங்கி, தேக்கு நிலையும் பிளைவுட் கதவும் கொண்ட தலைவாசலில் பொருத்தி, ஐப்பசி மழைக்கு முன்பிருந்து மார்கழி வரை புழங்கிய பூட்டு ஒன்று காட்டியது வேறு. வெளியே போய்த் திரும்புகிறவருக்குத்தான் சாவி தேவைப்படுகிறது. நாக்குக்கோ கதவு சாத்தப்படும் ஒவ்வொரு முறையும் வேலை இருக்கிறது. பூட்டு நல்லதா இல்லையா என்பதை அந்த நாக்கும் அது போய் விழும் குழியும்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் கடையில் யாரும் நாக்கை விரலால் அமுக்கிப் பார்ப்பதில்லை.

நாக்கின் பின்னால் ஒரு ஸ்பிரிங் அதை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்நோக்கித் திறக்கும் கதவு, சாத்தும்போது வெளிப்பக்கமாக நகரும். நாக்கின் சரிவும் அந்தத் திசையைப் பார்த்தபடி இருக்கும். நிலையில் திருகிய நாதாங்கியின் உதட்டில் சரிவு முட்டியதும், கதவின் வேகம் சரிவில் வழுக்கிப் பக்கவாட்டுத் தள்ளலாக மாறுகிறது. ஸ்பிரிங் அமுங்குகிறது, நாக்கு பெட்டிக்குள் ஒதுங்குகிறது. உதட்டைத் தாண்டியவுடன் ஸ்பிரிங் அதை நாதாங்கியின் குழிக்குள் தள்ளிவிடுகிறது. இப்போது கதவை உள்ளே தள்ளிப் பார்த்தால், நாக்கின் தட்டையான முதுகு நாதாங்கியின் சுவரில் நேராக மோதும். தட்டை முகத்தில் வழுக்கல் கிடையாது, பக்கவாட்டுத் தள்ளலும் பிறக்காது. போகும் திசைக்கு வழிவிட்டு, வரும் திசையை மறிக்கும் இந்த வேலையை ஒரே ஒரு உலோகத் துண்டு செய்து முடிக்கிறது. வீட்டில் இருக்கும் இயந்திரங்களில் இவ்வளவு சிக்கனமானது அரிது.

சிக்கனமான அமைப்பு என்பதால் தவறுக்கு இடம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. சரிவு மிகவும் செங்குத்தாக இருந்தால் நாக்கு எளிதில் ஒதுங்காது, கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கும். ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருந்தாலும் அப்படியே. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நாக்கு பாதி வழியில் நின்றுவிடும். கதவு பூட்டியது போலத் தோன்றும், ஆனால் நுனி மட்டுமே குழிக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவு ஒன்று உண்டு. அதைச் சோதிக்கும் வழியும் எளியது. கதவை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளினால் நாக்கு முழுதாக விழ வேண்டும். புழங்கிப் பார்த்த பூட்டு இந்தச் சோதனையில் தேறவில்லை. விரலால் தள்ளினால் சரிவு உதட்டில் முட்டி நின்றது. உள்ளங்கையால் தள்ளினால் விழுந்தது, ஆனால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும் சத்தத்தோடு விழுந்தது. இரவுப் பணி முடிந்து வருகிறவர் வீட்டில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நுழைய முடியாத பூட்டு, எத்தனை லட்சம் சாவிச் சேர்க்கைகளைக் கொண்டிருந்தாலும் குறையுள்ள பூட்டுதான்.

இந்த விறைப்பில் பாதி நாக்கினுடையது, மீதி நாதாங்கியினுடையது. நாதாங்கியின் உதடு வளைந்து சரிந்திருக்க வேண்டும். நாக்கின் சரிவு ஏறுவதற்கு அதுதான் பாதை. விலை குறைந்த பூட்டுகளில் இந்த உதடு வெறும் மடித்த தகடு. அதன் விளிம்பு கூர்மையாக இருந்தால் பித்தளை நாக்கைச் சில மாதங்களில் சுரண்டிவிடும். சரிவின் மீது கறுப்புக் கோடாகத் தெரியும் தேய்மானம் இதன் அடையாளம். நல்ல பூட்டின் நாதாங்கி தடித்த வார்ப்பாக, உருண்டை விளிம்போடு இருக்கும். கடையில் இரண்டு பூட்டுகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், சாவிகளை ஒதுக்கிவைத்துவிட்டு நாதாங்கிகளை மட்டும் எடைபோட்டுப் பார்ப்பது நல்ல வழி.

மரம் இன்னொரு தரப்பு. வடகிழக்குப் பருவமழையில் காற்றின் ஈரம் ஏற ஏறக் கதவும் நிலையும் உப்புகின்றன. கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்த இடைவெளி குறைகிறது. விளிம்பு நிலையில் உரசத் தொடங்குகிறது. நாக்கு குழிக்குள் விழுந்தாலும் அதன் முதுகு நாதாங்கிச் சுவரில் இறுகிக் கிடக்கிறது. இந்த நிலையில் சாவியைத் திருப்புவது கடினம், ஏனெனில் சாவி இப்போது ஸ்பிரிங்கோடு சேர்த்து உராய்வையும் எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. பலர் சாவியை இன்னும் பலமாகத் திருப்புவார்கள், சாவி முறுக்கிக்கொள்ளும். செய்ய வேண்டியது வேறு: ஒரு கையால் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து நாக்கின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, மறுகையால் சாவியைத் திருப்ப வேண்டும். ஆனால் வெளிப்பக்கம் இழுக்க ஒரு கைப்பிடி இருந்தால்தானே அது நடக்கும்? நைட் லாட்சோடு கைப்பிடி வருவதில்லை. தனியாக வாங்கித் தச்சரிடம் சொல்லிப் போட வேண்டும். பூட்டு வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிடுவது மழைக்காலத்தில் பெரிய உதவி.

கோடையில் பிரச்சினை திரும்பிக்கொள்ளும். மரம் சுருங்கி இடைவெளி அகலும், குழிக்குள் நாக்கு பிடித்திருக்கும் நீளம் குறையும். கீல்களின் திருகாணிகள் தளர்ந்தால் கதவு பூட்டுப் பக்கமாகத் தொங்கும், நாக்கு குழிக்குக் கீழே போய் உதட்டின் அடிவிளிம்பில் இடிக்கும். அப்போது பூட்டைக் கழற்றி இடம் மாற்றத் தேவையில்லை. மேல் கீலின் திருகாணிகளை நீளமானவையாக மாற்றினாலே கதவு பெரும்பாலும் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பூட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறியப்படுபவற்றில் பல உண்மையில் கீல் தளர்ந்த கதவின் பலிகள்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்று, பூட்டின் அடிப்படையிலேயே இருப்பது, தானாகப் பூட்டிக்கொள்ளும் குணம். பால் பாக்கெட் எடுக்க வெளியே வருகிறார் ஒருவர். குப்பைக் கூடையை மாடிப்படி ஓரம் வைக்க வருகிறார் இன்னொருவர். கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட இரண்டடி நகர்கிறார் வேறொருவர். பின்பக்கப் பால்கனிக் கதவு திறந்திருக்கிறது. காற்று வீட்டை ஊடுருவி வந்து தலைவாசல் கதவை அறைந்து சாத்துகிறது. அடுப்பில் பால், உள்ளே கைப்பேசி, மேசையில் சாவி. பூட்டு தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறது. அதற்கு வெளியே நிற்பவர் வீட்டுக்காரர் என்று தெரியாது. வெளிப்பக்கம் திருப்பும் குமிழ் இல்லாததால், சாவி இல்லாத வீட்டுக்காரரும் திருடரும் அதற்கு ஒன்றே.

திண்டுக்கல் பூட்டு இந்தத் தவறைச் செய்யாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலைப் பூட்டுகளில், நெம்புகோல் வகை பலவற்றைப் பூட்டுவதற்கும் சாவி வேண்டும். உள்ளே அடுக்கிய நெம்புத் தகடுகளைச் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். திறக்க ஒரு திசை, பூட்ட மறு திசை. சாவி இல்லாத கையால் பூட்ட முடியாது என்பதால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடவும் முடியாது. சாவியால் தள்ளும் தாழ் கொண்ட எல்லாப் பூட்டுகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை மறதி: பூட்ட மறந்தால் கதவு திறந்தே கிடக்கும். வீட்டுக்காரர் எதை மறப்பார் என்பதைத்தான் பூட்டு வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டும். பூட்டுவதை மறப்பவருக்கு நைட் லாட்ச் காவல், சாவியை மறப்பவருக்கு அது தண்டனை.

வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். பெட்டியின் உட்பக்கம் இருக்கும் சிறு தடுப்புப் பொத்தான். நாக்கை உள்ளே இழுத்து வைத்துப் பொத்தானை நகர்த்தினால் நாக்கு அங்கேயே நிற்கும். காற்று எத்தனை முறை கதவை அறைந்தாலும் பூட்டாது. நாக்கு வெளியே நீட்டியிருக்கும்போது அதே பொத்தானை நகர்த்தினால் நாக்கு நீட்டிய நிலையில் இறுகும். வெளியிலிருந்து சாவி போட்டாலும் திறக்காது. பல பூட்டுகளில் இரண்டு எதிரெதிர் வேலைகளும் ஒரே பொத்தானுக்கு, ஒரே திசையில். எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட நிறமோ குறியோ கிடையாது. புழங்கிய பூட்டிலும் இதுதான் மிகவும் உறுத்திய குறை. பகலில் துணி காயவைக்கப் போனவர் பொத்தானை நகர்த்திவைத்துவிட்டு மறந்தால், இரவில் சாத்திய கதவு பூட்டாமலேயே நிற்கும். நிலையில் பொருந்தி நிற்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நாக்கு இறுகிய நிலையில் திறந்திருக்கும் கதவைக் காற்று அறைந்தால் இன்னும் மோசம்: ஒதுங்காத நாக்கு நாதாங்கியில் மோதி, திருகாணிகளோடு நிலையின் மரத்தையும் பெயர்க்கும். ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தால் இவ்வளவும் தவிர்ந்திருக்கும். அதன் செலவு ஒரு சொட்டு வண்ணம்.

பொத்தானை நம்புவதைவிட நல்ல வழி ஒன்று புழக்கத்தில் தானாகவே வெளிப்பட்டது. சத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய பழக்கம் அது. வெளியே போகும்போது கதவை இழுத்து அறையாமல், சாவியைத் துளையில் போட்டுத் திருப்பி, நாக்கை உள்ளே இழுத்துப் பிடித்தபடி கதவைச் சாத்தி, பிறகு சாவியை மெல்ல விடுவிக்க வேண்டும். நாக்கு உதட்டில் உரசாமல் நேரே குழிக்குள் இறங்குகிறது. சத்தம் இல்லை, சரிவில் தேய்மானம் இல்லை, ஸ்பிரிங்கின் விறைப்பும் தெரிவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிச் சாத்துகிறவர் கையில் சாவி இல்லாமல் கதவைச் சாத்தவே முடியாது. தானாகப் பூட்டும் பூட்டை, சாவியால் பூட்டும் பூட்டாக இந்தப் பழக்கம் மாற்றிவிடுகிறது. காற்றுக்கு எதிராக இது உதவாது. அதற்குக் கதவைச் சுவரோடு பிடித்துவைக்கும் கொக்கியோ தரைக் காந்தமோ வேண்டும். ஆனால் வேண்டுமென்றே வெளியேறும் ஒவ்வொரு முறைக்கும் இது முழுத் தீர்வு. பூட்டின் விளக்கத் தாளில் இப்படிச் சாத்தச் சொல்லி ஒரு வரி கூட இல்லாதது வருத்தம்.

உள்ளே இருப்பவர் பக்கம் இதைவிடக் கவனம் வேண்டிய பக்கம். தனியாக இருக்கும் முதியவர் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கதவில் நைட் லாட்ச் மட்டும் இருந்தால், மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரோ பிள்ளையோ உடனே திறந்து உள்ளே போகலாம். இந்தப் பூட்டின் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று சொல்ல வேண்டும். விளம்பரங்களில் இது இடம்பெறுவதே இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரவில் நைட் லாட்சுக்கு மேலே டவர் போல்ட் தாழ்ப்பாளையும் போட்டுவிடுகிறார்கள், அல்லது தடுப்புப் பொத்தானால் நாக்கை இறுக்கிவிடுகிறார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வெளியிலிருக்கும் சாவி பயனற்றது. கதவை உடைத்துத்தான் நுழைய வேண்டும், அந்த நிமிடங்களுக்கு உயிரின் மதிப்பு இருக்கலாம். பெற்றோரைத் தனியே விட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், தாழ்ப்பாளைப் போட வேண்டாம் என்று அவர்களைச் சம்மதிக்க வைப்பது நல்லது. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய உறுதியான பூட்டு ஒன்றை நம்பும்படி செய்துவிட்டால் தாழ்ப்பாள் தேவைப்படாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. தாய் வெளியே நிற்கும்போது தவழும் குழந்தை கதவைத் தள்ளிச் சாத்திவிட முடியும். குமிழை எட்டித் திருப்ப அதனால் முடியாது. தலைவாசலின் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையானவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

விலை கூடிய சில பூட்டுகளில், வெளியே போகும்போது சாவியைக் கூடுதலாக ஒரு சுற்று திருப்பினால் உள்பக்கக் குமிழும் இறுகிவிடும். கதவின் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டுத் திறப்பவரைத் தடுக்க இது உதவும். உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிப் பூட்டினால், சாவி இல்லாதவர் தீ விபத்தில் வெளியேற வழியில்லை. உள்ளிருந்து திறக்க முடியாத தாழ் எத்தனை கொடியது என்பதற்குச் சிகாகோவின் இராக்வாய் நாடக அரங்கு சாட்சி. 1903 டிசம்பர் 30 அன்று அங்கே பற்றிய தீயில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேறும் கதவுகள் சில பூட்டியிருந்தன, சிலவற்றின் தாழை எப்படித் திறப்பது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. அந்த நிகழ்வின் தாக்கத்தில் உருவானதுதான் உடலால் மோதினாலே நாக்கு விலகும் குறுக்குத் தண்டுத் தாழ். கார்ல் பிரின்ஸ்லரும் கட்டடக் கலைஞர் ஹென்றி டுபாண்ட்டும் சேர்ந்து உருவாக்கிய அது 1908இல் விற்பனைக்கு வந்தது. இன்று திரையரங்குகளின் அவசர வழிகளில் காணும் தண்டு அதன் வழிவந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் இதே பாடம் நடந்தது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கொண்டி கொண்ட பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சடைத்து இறந்ததால், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் இயற்றியது. உலோகக் கொண்டி போய்க் காந்த விளிம்பு வந்ததற்கு அந்தச் சட்டம் முக்கியக் காரணம். வீட்டுப் பூட்டிலும், உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் வெளியேற முடிய வேண்டும் என்பது விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை. இரு பக்கமும் சாவி கேட்கும் பூட்டை இரவில் உள்ளிருந்து பூட்டிவிட்டுச் சாவியை அலமாரியில் வைப்பது ஆபத்தான பழக்கம்.

சரிவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நாதாங்கியின் உதடு சரிவைத் தள்ளி நாக்கை ஒதுக்குகிறது என்றால், கதவிடுக்கில் நுழையும் மெல்லிய தகடும் அதையே செய்யலாம். உள்நோக்கித் திறக்கும் கதவில் சரிவு வெளிப்பக்கத்தைப் பார்க்கிறது. வளையும் பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் செருகிச் சரிவில் அழுத்தினால், சாதாரண நைட் லாட்ச் சாவியே இல்லாமல் திறந்துவிடும். கதவு உட்காரும் நிலையின் படி ஆழமாக இருந்தால் அட்டை வளைந்து போக வேண்டியிருப்பதால் வேலை கடினமாகும், ஆனால் முடியாததல்ல. இதற்காகவே நல்ல பூட்டுகளில் நாக்கின் பக்கத்தில் ஒரு சிறிய துணை நாக்கு இருக்கிறது. கதவு சாத்தும்போது பெரிய நாக்கு குழிக்குள் விழுகிறது. துணை நாக்கு விழாமல் நாதாங்கியின் முகத்தில் அமுங்கியே நிற்கிறது. அது அமுங்கி நிற்கும் வரை உள்ளே ஒரு தடை பெரிய நாக்கின் பின்னால் வந்து நின்று, அதைத் தள்ள விடாமல் செய்கிறது. சாவியோ குமிழோ திருப்பினால் முதலில் அந்தத் தடை விலகும், பிறகு நாக்கு நகரும்.

இந்த அருமையான ஏற்பாடு பொருத்துவதில் வீணாகிறது. நாதாங்கியின் குழியைப் பெரிதாக்கிவிட்டாலோ, பழைய பூட்டின் நாதாங்கியையே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மட்டும் மாற்றினாலோ, துணை நாக்கும் குழிக்குள் விழுந்துவிடும். தடை வேலை செய்யாது. அதிக விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அங்கே இல்லை, ஆனால் பூட்டு வழக்கம்போலத் திறந்து மூடுவதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சோதிக்க இரண்டு நிமிடம் போதும். கதவைத் திறந்து வைத்துத் துணை நாக்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய நாக்கைத் தள்ளிப் பார்க்க வேண்டும், நகரக் கூடாது. பிறகு கதவைச் சாத்தி உட்பக்கமிருந்து இடுக்கில் பார்க்க வேண்டும். துணை நாக்கு அமுங்கிய நிலையில் தெரிய வேண்டும். தச்சர் கூலி வாங்கிப் போவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

நாதாங்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் இங்கேயே சேரும். கதவை உதைத்துத் திறக்க முயன்றால் அந்த விசை முழுவதும் நாக்கின் வழியாக நாதாங்கிக்கும், அங்கிருந்து அதன் திருகாணிகளுக்கும் போகிறது. பெட்டியோடு வரும் குட்டைத் திருகாணிகள் நிலையின் மேல்தோலைத் தாண்டுவதில்லை. ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நீளத் திருகாணிகளால் மாற்றினால், பூட்டின் உண்மையான பலம் அதிகமாகும்.

சாவிப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வெளிமுகத்தில் இருக்கும் உருளை, ஊசிகளால் இயங்கும் வகை. உருளைக்குள் இன்னோர் உருளை. இரண்டையும் ஊடுருவி நிற்கும் ஊசிகள் ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு ஊசியையும் தூக்கும்போது, துண்டுகள் சேரும் இடம் இரு உருளைகளின் எல்லையில் வந்து நிற்கும், உள்ளுருளை திரும்பும். பழங்கால எகிப்தின் மரப்பூட்டுகளில் இருந்த இந்த எண்ணத்தைச் சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டைச் சாவிக்கு ஏற்றபடி உலோகத்தில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் இளையவர். காப்புரிமைகள் 1861, 1865. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறக்கவே முடியாதது எனப் பெயர்பெற்ற சப் (Chubb) நிறுவனப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பூட்டு என்றால் சாவித்துளையில் நடக்கும் போட்டி என்ற எண்ணம் அப்போதிருந்து வலுத்தது. விளம்பரங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

பல் வெட்டிய சாவிக்குப் பதில் பக்கங்களில் குழிகள் கொண்ட சாவி இப்போது பரவியிருக்கிறது; சாவி போடுகிறவர்கள் அதைக் கம்ப்யூட்டர் சாவி என்கிறார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நுழையும் என்பது இருட்டில் வசதி. மாற்றுச் சாவி எடுப்பது கடினம் என்பது பாதுகாப்பு, அவசரத்தில் தொல்லையும்கூட. உருளையிலிருந்து கதவின் ஊடாக ஒரு தட்டைத் தகடு வால் போல நீண்டு பெட்டிக்குள் போகிறது. சாவியின் திருப்பத்தை நாக்குக்குக் கொண்டுசெல்வது அதுதான். கதவின் கனத்துக்கு ஏற்ப அதை வெட்டிப் பொருத்துவார்கள். தேவைக்கு மேல் வெட்டிவிட்டால் வால் பெட்டியின் பிடியிலிருந்து நழுவிச் சாவி வெறுமனே சுற்றும். நீளமாக விட்டால் பெட்டிக்குள் முட்டி இறுகும். சாவி சுற்றுகிறது, பூட்டு திறக்கவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாவித்துளையில் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. முதல் நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகி ஊசிகளை அவற்றின் குழிகளிலேயே ஒட்டவைக்கும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தேய்த்து உள்ளே விட்டு எடுப்பது போதுமானது. கடையில் கிடைக்கும் கிராஃபைட் தூளும் அதுதான். நாக்கின் சரிவுக்கு வேறு மருந்து: மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் உதட்டில் வழுக்கிப் போகும், உள்ளங்கையால் தள்ள வேண்டியிருந்த கதவு விரலுக்கே மூடிக்கொள்ளும். புழங்கிய பூட்டில் இதற்குப் பிறகு சத்தம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு மெழுகால் தீராது. கடலோர வீடுகளில் உப்புக் காற்று ஸ்பிரிங்கைத்தான் முதலில் தின்னும், ஆகவே அங்கே உள்ளுறுப்புகளும் துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பலரும் வேலைக்குப் போய்த் தனித்தனி நேரத்தில் திரும்பும் வீட்டுக்கு நைட் லாட்சைத் தயங்காமல் சொல்லலாம். ஆளுக்கொரு சாவி இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, கடைசியாகப் போனவர் பூட்டினாரா என்ற கவலையும் இல்லை. முதியவர் தனித்து இருக்கும் வீட்டுக்கும் ஏற்றது. குமிழுக்குப் பதில் நீளக் கைப்பிடி கொண்ட வகையைத் தேட வேண்டும், மூட்டு வலி உள்ள விரல்களுக்கு வழுக்கும் உருண்டைக் குமிழ் பெரும் சோதனை. பகல் முழுக்க வாசலுக்கும் வீட்டுக்கும் ஆள் நடமாடும் வீடு, தெருவைப் பார்த்த தனி வீடு, பால்கனியிலிருந்து தலைவாசல் வரை காற்று நேராக ஓடும் வீடு ஆகியவற்றுக்கு, சாவியால் மட்டும் நகரும் தாழ் கொண்ட பூட்டே பொருத்தம். இரண்டும் வேண்டுமென்றால் சரிவு நாக்கும் சாவித் தாழும் ஒரே பெட்டியில் இருக்கும் வகை கிடைக்கிறது. பகலில் நாக்கைப் பொத்தானால் ஒதுக்கிவைத்து, இரவில் தாழை மட்டும் பயன்படுத்தலாம். வாங்கும் முன் அந்தத் தாழ் உள்பக்கத்தில் சாவி கேட்கிறதா, குமிழால் திறக்கிறதா என்று பார்த்து, குமிழால் திறப்பதையே எடுக்க வேண்டும்.